அறுபதைத் தாண்டினால்

டிங் என்றது. முள் அறுபதைத் தொட்டு ஒரு மயிரிழைதான் தாண்டியிருக்கும், அதற்குள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் எங்கிருந்தோ டிங், கொஞ்சம் விட்டு மறுபடி டிங், வாசலில் நிற்கிறவன் கதவு திறக்கும் வரைக்கும் மணியை விடாமல் அழுத்துகிற மாதிரி. நாட்ராயன் பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தளர்த்தினார். காங்கயத்தை விட்டு இன்னும் அவிநாசிபாளையம் வரவில்லை, இதோடு பதினோராவது தடவை. எண்பது என்றுதானே சொன்னான் கோயமுத்தூர் ஷோரூமில் டை கட்டிக்கொண்டு நின்றவன். "சார், இப்ப வர்ற புது வண்டி எல்லாத்துலயும் இது இருந்தே ஆகணும், சட்டம். எண்பதைத் தாண்டினா விட்டுவிட்டு அடிக்கும், நூத்தியிருபதைத் தாண்டினா நிறுத்தவே நிறுத்தாது." அதைக் கழட்டிரு என்றார் இவர். கழட்ட முடியாது என்றான். "ஏன் முடியாது? வெச்சவன் மனுசன்தானே? வெச்சவனுக்கு எடுக்கத் தெரியாதா?" முடியாதுங்க சார், முடியாதுங்க சார், அதே சிரிப்பு, அதே பல். கால்மிதி கேட்டார், கொடுத்தான். சீட்டுக்கு உறை, மேலே போர்த்த துணி, ஒரு குடை, எல்லாம் கொடுத்தான். இந்த ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. முப்பத்தைந்து வருஷமாக மாட்டிலிருந்து டிராக்டர் வரைக்கும் பேரம் பேசித்தான் சோறு, ஒரு சாமானை வாங்கும்போது இதைச் சேர்த்துக் கொடு என்று கேட்டிருக்கிறார், இதை எடுத்துவிட்டுக் கொடு என்று கேட்டதும் இதுதான் முதல், முடியாது என்று கேட்டதும் இதுதான் முதல். சரி, எண்பது என்றால் எண்பதில் கத்தட்டும். அறுபதில் எதற்குக் கத்துகிறது? ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கே கத்தியது. சொன்னது ஒன்று, கையில் கொடுத்தது ஒன்று. இன்றைக்கு முதல் சர்வீஸ். போய்ச் சேரட்டும் பார்க்கலாம், அவன் டையைப் பிடித்து இழுத்துக் கேட்காவிட்டால் நான் நாட்ராயன் இல்லை.

பக்கத்து சீட்டில் தெய்வாத்தாள் மடியில் சாப்பாட்டுத் தூக்குப்போசியை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தூங்கவில்லை. அதுவும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது அவருக்கு. காரில் ஏறினால் ஊர் எல்லை தாண்டுவதற்குள் கண்ணை மூடிவிடுகிறவள் அவள். முதன்முதலில் வாங்கின பழைய அம்பாசிடரிலிருந்தே அப்படித்தான், கூட வருகிறவர் சம்பந்தியா கொழுந்தனா என்று பார்க்கமாட்டாள், இவர் ஓட்டினால் தூக்கம். "என்ற வண்டி தொட்டிலாட்ட, ஏறுனதும் தூங்கிருவா" என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். இந்தப் புது வண்டி வந்த ஒரு மாதமாகத் தூக்கமே இல்லை. சத்தம் தூங்கவிடவில்லை போல. அதையும் சேர்த்துக் கேட்கவேண்டும் டைக்காரனிடம், பொண்டாட்டி தூக்கத்துக்கு யார் பதில் சொல்வது. ஆனால் அவள் முகத்தில் தூக்கம் கெட்ட சலிப்பு இல்லையே, ஏதோ கணக்கு வைக்கிற மாதிரி உதடு அசைகிறதே. சாமி கும்பிடுகிறாளா. இல்லை, பார்வை மரத்தில் இருக்கிறது. டிங். சே.

யாரோ செய்த வேலை இது. தானாக நடக்கிற எதையும் நாட்ராயன் நம்பினதில்லை. பதினாறு வயதில் முதல் முதலாகச் சொந்தமாக வாங்கின காளைக்கு ஒரு கண் தெரியாது, விற்றவன் நல்ல கண்ணை இந்தப் பக்கம் வைத்து, சந்தை முடிகிற வரைக்கும் காளையைத் திரும்பவிடாமல் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டுத்தறியில் கட்டினபோதுதான் அது போய்ச் சுவரில் முட்டியது. அன்றிலிருந்து எதையும் சுற்றி வந்து மறுபக்கம் பார்க்காமல் கையில் தொடுவதில்லை. இதற்கும் மறுபக்கம் இருக்கிறது. மாப்பிள்ளையாக இருக்குமோ? பெங்களூரிலிருந்து வந்திருந்தவர் செல்போனை வண்டியோடு சேர்க்கிறேன் மாமா என்று அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தார். மாமனார் எங்கே போகிறார், எத்தனையில் போகிறார் என்று அங்கே உட்கார்ந்து பார்க்கிறாரோ என்னவோ. ஆனால் அவர் வந்தது வண்டி எடுத்து ஒரு வாரம் கழித்து, கத்தல் அதற்கும் முந்தி. அப்படியென்றால் வக்கீல். அந்த லாரிக்காரன் மாதேஷுடைய வக்கீல். இந்த நினைப்பு வந்ததும் அவர் மறுபடி முள்ளைப் பார்த்தார். ஏனென்றால் அறுபது. வேறு எந்த எண்ணும் இல்லை, ஐம்பத்தைந்தில்லை, எழுபதில்லை. அவர் போலீஸில் சொன்ன அதே அறுபது.

போன ஐப்பசியில், சாயங்காலம் ஆறரை இருக்கும், இதே ரோட்டில், பொங்கலூர் தாண்டிப் பல்லடத்துக்கு முன்னால், பிரேக்கை மிதித்தும் நிற்காமல், ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்னால் பழைய காரைக் கொண்டுபோய் விட்டார். இவருக்கு ஒன்றுமில்லை, ஸ்டியரிங் நெஞ்சில் இடித்ததோடு சரி. தெய்வாத்தாளுக்கு மண்டையில் பதினான்கு தையல். எத்தனையில் வந்தீங்க என்று எழுதிக்கொண்டவர் கேட்டபோது வாயில் தயாராக நின்றது அறுபது. யோசிக்கவே இல்லை. சந்தையில் விலை கேட்டால் வாய் எப்படி முந்திக்கொள்ளுமோ அப்படி வந்தது. "அறுபதுலதானுங்க வந்தேன், லாரில லைட்டே இல்லீங்க, இருட்டு மலையாட்ட நின்னுக்கிட்டிருந்தான்." அதுவே கேஸ் ஆகிவிட்டது. மாதேஷின் லைசென்ஸ் போனது, லாரி முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிட்டார், அரூர்ப் பக்கம் கல் உடைக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். வருகிற வியாழக்கிழமை கோர்ட். முதல் சாட்சி நாட்ராயன், இரண்டாவது சாட்சி தெய்வாத்தாள். மூன்று தடவை அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். "எத்தனைல வந்தாருன்னு கேப்பாங்க. அறுபதுன்னு சொல்லு. வேற எதுவும் வாயைத் தொறக்காத. தூங்கிட்டிருந்தேன், ஏறும்போது பார்த்தேன், அறுபதுலதான் போவாருன்னு சொல்லு." அவள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே இருந்தாள்.

பழைய வண்டிக்கு வாய் இல்லை, அது ஒரு புண்ணியம். இந்தப் புதுச் சனியனுக்கு வாய் இருக்கிறது. இன்றைக்கு டிங் என்கிறது, நாளைக்கு இன்னார் இன்ன தேதியில் நூற்றிருபதில் போனார் என்று எழுதிக் கொடுக்காது என்று என்ன நிச்சயம். இதைத்தான் எல்லா வண்டிக்கும் வைத்தே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள், உயிரைக் காப்பாற்றுகிறார்களாம். யாருடைய உயிரை? ரோட்டைக் குண்டும் குழியுமாகப் போட்டுவிட்டு வண்டிக்குள் மணி கட்டுகிறார்கள். மாட்டுக்கு மணி கட்டினால் அது மேய்கிற இடம் தெரியும், அதற்காகத்தானே கட்டுகிறது? இவருக்கு எதற்கு? வேகம் என்பது ஓட்டுகிறவனுக்கும் அவன் காலுக்கும் நடுவில் இருக்கிற விஷயம், துண்டுக்குள் பேசுகிற விலை மாதிரி. சந்தையில் நூறு பேர் சுற்றி நிற்பார்கள், வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் ஒரு துண்டுக்குள் போகும், விரலைப் பிடித்தே விலை முடியும், பக்கத்தில் நிற்கிறவன் மூச்சு மேலே படும் ஆனால் எண் தெரியாது. அதுதான் மரியாதை. இது என்னவென்றால் துண்டை உருவிப்போட்டுவிட்டு ஊருக்கெல்லாம் கேட்கக் கத்துகிறது. பொண்டாட்டி முன்னால் கத்துகிறது. டிங். டிங். "மூடு வாயை" என்றார் சத்தமாக. "நான் ஒண்ணுமே பேசலீங்களே" என்றாள் தெய்வாத்தாள். "உன்னைய ஆரு சொன்னா. இதைச் சொன்னேன்." "அது அதும்பாட்டுக்கு அதோட வேலையைப் பாக்குது." "ஓஹோ, நீ அதுக்கு வக்கீலா?" வக்கீல் என்ற வார்த்தை வாயிலிருந்து விழுந்ததும் இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தார்கள்.

பொங்கலூர் வந்தது கண்ணுக்குத் தெரியும் முன்னாலேயே மூக்குக்குத் தெரிந்தது. கோழிப்பண்ணைகள். ஏசி போட்டுக் கண்ணாடி ஏற்றியிருந்தாலும் எப்படியோ உள்ளே புகுந்துவிடும் அந்த வாடை, ஈரமான எருவும் தீவனமும் கலந்து தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். முன்னெல்லாம் இந்த இடத்தில் தூங்குகிறவள்கூட முந்தானையை எடுத்து மூக்கை மூடிக்கொள்வாள், எப்படித்தான் தூக்கத்திலும் தெரியுமோ என்று இவர் நினைத்துக்கொள்வார். இன்றைக்கு அவள் கை தூக்குப்போசியை விட்டு நகரவில்லை. அடிபட்டதிலிருந்து அவளுக்கு வாசனை இல்லை. தையல் பிரித்த அன்றைக்கு டாக்டர் சொன்னார், மண்டையில் அடிபட்டால் சிலருக்கு அப்படி ஆகும், திரும்பி வரலாம், வராமலும் போகலாம். வரவில்லை. பால் அடிப்பிடித்துப் புகை வந்து கண் எரிந்தால்தான் அடுப்புக்கு ஓடுகிறாள். ஒரு நாள் கருகின சாம்பாரை வைத்துவிட்டாள், இவர் தட்டைத் தள்ளிவிட்டு "மூக்கு எங்க போச்சு உனக்கு" என்று கத்தினார், கத்தின வாய் மூடவில்லை, அதற்குள் ஞாபகம் வந்து, தட்டை இழுத்து வைத்து அந்தச் சாம்பாரையே இரண்டு கரண்டி ஊற்றிச் சாப்பிட்டார். அவளும் சாப்பிட்டாள். மல்லிகைப்பூ வாங்குவதை அவளாகவே நிறுத்திவிட்டாள். இதையெல்லாம் நினைக்கக்கூடாது. கேஸ் முடியட்டும். மாதேஷ் ஓரத்தில் நிற்காமல் இருந்திருந்தால் இதெல்லாம் உண்டா? லைட் போட்டிருந்தேன் என்கிறான், பின்னால் வருகிறவனுக்குத் தெரியத் தழை ஒடித்துப் போட்டிருந்தேன், கல் வைத்திருந்தேன் என்கிறான். எல்லா லாரிக்காரனும் அப்படித்தான் சொல்வான். போன வாய்தாவில் கோர்ட் வாசலில் இவர்களைப் பார்த்துக் கும்பிட்டான், கும்பிட்டு, தெய்வாத்தாளிடம், "அக்கா, தலைக்காயம் ஆறிடுச்சா?" என்று கேட்டான். நடிப்பு. சாட்சியைக் கரைக்கிற வேலை.

தழை. வேப்பந்தழை. அதை எடுத்துத் தூரப் போட்டவர் இவர்தான். லாரிக்கு இருபதடி பின்னால் கிடந்திருக்கவேண்டும், இவர் வண்டி அதன்மேல் ஏறித்தான் போயிருக்கவேண்டும், தெய்வாத்தாளை ஆளோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது நசுங்கின பம்பருக்கு அடியில் ஒரு கொப்பு பச்சையாக நீட்டிக்கொண்டிருந்தது. உருவினார். வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தார். யாரும் பார்க்கவில்லை. கையில் வேப்ப வாசனை இரண்டு நாள் இருந்தது, சோப்புப் போட்டுக் கழுவியும் இருந்தது. தழையே இல்லை என்று சொல்லவில்லையே அவர், பார்க்கவில்லை என்றுதானே சொன்னார், அது வேறு இது வேறு. நல்ல கண்ணை இந்தப் பக்கம் காட்டி நிறுத்துகிறது வேறு, கண் தெரியாத காளையை விற்கிறது வேறு. வேறா? டிங்.

"இப்ப எத்தனைல போறீங்க?" என்றாள் தெய்வாத்தாள். முப்பது வருஷத்தில் அவள் இப்படிக் கேட்டதில்லை. "அறுபதுலதான். அதான் கத்துதே, காது கேக்கலியா?" "கேக்குது. அதுக்குத்தான் கேட்டேன்." காற்றாலைகளின் இறக்கைகள் தூரத்தில் சோம்பலாகச் சுற்றின. "அறுபதுன்னா இம்புட்டு மெதுவாங்க? அந்தப் புளியமரம் கண்ணுல தட்டுனதுல இருந்து எண்ணிப் பார்த்தேன், பக்கத்துல வர்றதுக்குள்ள இருவது எண்ணிட்டேன். ஒரு மாசமா எண்ணறேன், எப்படி எண்ணுனாலும் பதினெட்டு, இருவது வந்துருது." "எதுக்கு எண்ணறே?" "தெரிஞ்சுக்கத்தான்." "ஏம்புள்ள, இந்தச் சத்தம்..." என்று தொடங்கினார், முடிக்கவில்லை. வண்டி எடுத்த அன்றைக்கு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, அவர் கால்மிதிக்காக மேனேஜரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, இவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள். ஷோரூம் பெண் ஒருத்தி பக்கத்தில் குனிந்து எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையைச் சந்தேகப்பட்டார், வக்கீலைச் சந்தேகப்பட்டார், அரசாங்கத்தைச் சந்தேகப்பட்டார், எல்லாவற்றையும் சுற்றி வந்து மறுபக்கம் பார்த்தார், மறுபக்கம் கைக்கெட்டும் தூரத்தில் தூக்குப்போசியோடு உட்கார்ந்திருந்தது. "எண்பதுக்குக் கொறைச்சலா வேணும்னாலும் வெச்சுக்கலாமுங்கம்மான்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. அறுபதுல வெச்சுக் குடு கண்ணுன்னேன்" என்றாள் தெய்வாத்தாள், ரேஷன் கடையில் நடந்ததைச் சொல்கிற குரலில். "அறுபதுன்னு கோர்ட்டுல சொல்லச் சொல்றீங்க. அறுபதுன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. தெரியாத ஒண்ண எப்படிச் சொல்றது? இங்க நிறுத்துங்க."

இங்கேதான் அந்த லாரி நின்றது. அவருக்குத் தெரியாமலா? பார்க்காமல் கடந்துவிடலாம் என்று வலப்பக்கம் கரும்பலகையில் எழுதியிருந்த பஞ்சர் கடை பெயரைப் படித்துக்கொண்டு வந்தார். ஓரமாக நிறுத்தினார். தார் ரோட்டில் ஒன்றும் இல்லை, கண்ணாடித் தூள்கூட இல்லை, வேலியில் கோவைக்கொடி படர்ந்திருந்தது. அவருக்குக் கோபம் குபுகுபுவென்று வந்தது, வந்து நிற்க இடமில்லாமல் அலைந்தது. "நீதான் தூங்கிட்டிருந்தியே, உனக்கென்ன தெரியும்?" "நான் தூங்கலீங்க." "என்னது?" "அன்னிக்கும் தூங்கல. என்னிக்குமே தூங்குனதில்ல. நீங்க ஓட்டறப்ப எனக்குப் பாக்க முடியறதில்ல, பயம். கண்ணை மூடிக்குவேன். கண்ணை மூடிட்டு, இப்ப வீடு வந்துரும், இப்ப வந்துரும்னு நெனச்சுக்குவேன்." தொட்டில் மாதிரி. கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரித்தது அத்தனையும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அவர் எதிரில் நின்றது, அவள் அப்போது பக்கத்தில் நின்று தலையைக் குனிந்து சிரித்ததும் வந்தது. பொங்கலூர் வாடைக்கு மூக்கை மூடின கை வந்தது. தூக்கத்தில் எப்படித் தெரியும் என்று வியந்தாரே, எத்தனை பேரை எடைபோட்ட கண் இது. "சொல்லியிருக்கலாமில்ல" என்றார். "சொன்னா கேப்பீங்களா?" கேட்டிருக்கமாட்டார். இன்னும் பத்து கூட்டி ஓட்டிக் காட்டியிருப்பார்.

ஒரு பஸ் காற்றை இழுத்துக்கொண்டு கடந்தது, நின்ற வண்டி ஒரு ஆட்டம் ஆடி நின்றது. தெய்வாத்தாள் கையை நீட்டி அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். கியர் கம்பிக்கும் தன் மடிக்கும் நடுவில் விரித்துப் போட்டு, அதற்குள் வலது கையை விட்டாள். நாட்ராயன் புரியாமல் பார்த்தார், பிறகு புரிந்தது. கல்யாணம் ஆன புதிதில், ஒரே வீட்டில் ஒன்பது பேர் படுத்தெழுந்த காலத்தில், அம்மா எதிரில் வாய்விட்டுப் பேச முடியாது, சந்தை மொழியை அவளுக்கு விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். எத்தனை மணிக்கு வருவீங்க என்பதை முந்தானைக்குள் கேட்பாள், ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கை முழுக்கப் பிடித்தால் ஐந்து, கையும் ஒரு விரலும் என்றால் ஆறு. எந்தச் சந்தைக்காரனையும்விடச் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். எப்போது விட்டுப்போனது அது? வீடு பெரிதானபோதா? அவர் இடது கையைத் துண்டுக்குள் விட்டார். அவள் அவர் கையை முழுக்கப் பிடித்தாள், விட்டு, ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்தாள். கையும் ஒரு விரலும். ஆறு, அதாவது அறுபது. பிடித்த விரலை மெல்ல உதறினாள். படியவில்லை என்று அர்த்தம். உங்க விலை என்ன என்று அர்த்தம். பிறகு தன் கையைத் தளர்த்தி அவர் பிடிப்பதற்காக விட்டுவைத்தாள்.

வாயால் நாட்ராயன் சொல்லாத பொய் இல்லை. பல் விழுந்த மாட்டைக் கன்று போட்டதே ஒரு தடவைதான் என்று சொல்லியிருக்கிறார், சாமிமேல் அடித்துச் சொல்லியிருக்கிறார். துண்டுக்குள் மட்டும் இல்லை. துண்டுக்குள் ஒன்றைப் பிடித்துவிட்டு வெளியே வேறு சொன்னவனை அடுத்த வாரம் சந்தையில் எவனும் கிட்டச் சேர்க்கமாட்டான், அது சாமியைவிடப் பெரிய விஷயம். அவள் கை வெதுவெதுப்பாக இருந்தது, புளி கரைத்துக் கரைத்துத் தேய்ந்த விரல் நுனிகள். கையை விருட்டென்று இழுத்துக்கொள்ளலாம், வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம், பைத்தியக்காரி என்று திட்டலாம். முழுக் கையையும் பிடித்தார். அவள் அசையவில்லை. இதற்கு மேல் ஒரு விரல் பிடித்தால் அறுபது, பழையபடி அறுபது, பேரம் முடிந்தது, வியாழக்கிழமையும் முடிந்தது. மாதேஷ் கல் உடைப்பான். இவர் விரல்கள் அவள் ஆள்காட்டி விரலைத் தேடிப் போய் அதைத் தொட்டு நின்றன, அங்கேயே நின்றன. பிறகு விரித்து மறுபடி முழுக் கையையும் பிடித்தார். அதன்பிறகு ஒரு விரல். ஐந்தும் ஐந்தும் ஒன்றும், பதினொன்று. அதாவது நூற்றுப் பத்து.

தெய்வாத்தாள் அந்தப் பிடியைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு கையை எடுத்து, துண்டை உதறி, நாலாக மடித்துப் பின் சீட்டில் போட்டாள். "இதையே வெயாழக்கெழம துண்டில்லாம சொல்லுங்க" என்றாள். "நான் இதை மாத்திச் சொல்லமாட்டேன், உங்களுக்கு முந்தியும் சொல்லமாட்டேன். நீங்கதான் மொத சாட்சி." அவர் வண்டியை எடுத்தார். பல்லடம் வந்தது, போனது. சூலூர்ப் பக்கம் ரோடு அகலமாகியது, எல்லோரும் அவரைத் தாண்டிப் போனார்கள், மொபெட்டில் முட்டை அடுக்கிக்கொண்டு போனவன்கூடத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தாண்டினான். எப்போதும்போல வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்தது, விட்டுவிட்டார். பக்கத்தில் ஏதோ சின்னதாகச் சத்தம், வண்டியில் இன்னொரு கோளாறா என்று காதைத் தீட்டினார். தெய்வாத்தாளின் தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது, சன்னமாகக் குறட்டை. இதுவும் அந்தத் தூக்கம்தானோ? இனி எதை நம்புவது? வேண்டுமென்றே காலை ஒரு பொட்டு அழுத்தினார். டிங். அவள் இமை அசையவில்லை. டிங். தூக்குப்போசி மடியில் சரிந்தது, பிடிக்கிற கை பிடிக்கவில்லை. நிஜம்தான். காலைத் தளர்த்திவிட்டு, ஒரு கையால் தூக்குப்போசியை நேராக வைத்தார்.

சாட்சிக் கூண்டில் ஏறினால் எதைப் பிடித்துக்கொள்வது, கை எங்கே இருக்கும், அங்கே எந்தத் துண்டு. தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு தடவை சொல்லிப் பார்த்தார், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு, அவள் எழுந்துவிடாத அளவுக்கு, "நூத்திப்பத்துங்கய்யா" என்றார்.